ஆயாக்கொட்டகையில் கயிறு கிடையாது

ராஜம்மாளின் மகள் அஞ்சலை வாசற்படி தாண்டிய அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமாம். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயத்தில் பாதிப் பேர் இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறார்கள். சொல்லட்டும். நடந்ததை நடந்தது என்று சொன்னதற்காக எவளிடமும் நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

பெம்பானிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ரப்பர் தோட்டத்தில் நான்தான் ஆயா. பெயர் பெரியநாயகி. வாய்க்காரி என்று கேட்டாலும் என் வீட்டைத்தான் காட்டுவார்கள். நானும் பால்மரம் சீவிக்கொண்டிருந்தவள்தான். காய்ந்த கிளை ஒன்று இடுப்பில் விழுந்து, மலாக்கா ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து வந்தபிறகு பால் வாளி தூக்க முடியவில்லை. பழைய ஆயா அப்போதுதான் கண்ணை மூடியிருந்தாள். கங்காணி சாமிக்கண்ணு என்னைக் கொட்டகையில் போட்டார். "சும்மா உக்காந்து புள்ளைங்களப் பாத்துக்க, கஷ்டமில்லாத வேல" என்றார். பிள்ளையை இடுப்பில் வைத்தறியாத ஆம்பளைகள் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள்.

கொட்டகை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. அத்தாப்பு ஓலைக் கூரை, பலகைச் சுவர், நடுவில் தூண்கள். கைக்குழந்தைகளுக்குச் சாரோங் துணியில் தொட்டில். தவழ்கிற, நடக்கிற பிள்ளைகளுக்குத் தூணில் கயிறு. பழைய ஆயா ஒவ்வொரு பிள்ளையின் இடுப்பிலும் கயிற்றைச் சுற்றித் தூணில் கட்டிவிட்டு வெற்றிலை போடுவாள். வெளியே சாக்கடை இருக்கிறது, பாம்பு வரும் என்பது ஒரு காரணம். தாய்மார்கள் கயிற்றுக்குத் தலையாட்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு.

பிள்ளை முதல்முதலாகத் தானாக வாசற்படி தாண்டினால் கொழுக்கட்டை அவித்து லயம் முழுக்கக் கொடுப்பது எங்கள் வழக்கம். படிக்கொழுக்கட்டை என்போம். அது பெற்றவள் கண்முன்னால், அவள் வீட்டு வாசலில் நடக்க வேண்டும். ஆனால் பெற்றவள் எங்கே இருக்கிறாள்? விடியுமுன்னே எழுந்து, தூங்குகிற பிள்ளையைக் கொட்டகையில் போட்டுவிட்டுப் பெரட்டுக்கு ஓடுகிறாள். பெரட்டு என்றால் கங்காணி பெயர் கூப்பிட்டு ஆளை வேலைக்குப் பிரித்து விடுகிற இடம். பிறகு மரம் சீவி, பால் எடுத்து, ஸ்டோரில் ஊற்றிவிட்டு வரும்போது பொழுது சாய்ந்திருக்கும். பிள்ளை விழித்து விளையாடுகிற நேரமெல்லாம் கொட்டகையில்தான். அங்கே கட்டிப் போட்டால்தான் முதல் தாண்டல் வீட்டு வாசலுக்கு மிஞ்சும்.

என் மகள் பவளம் அந்தத் தூணில் வளர்ந்தவள். கயிற்றை அவிழ்த்துவிட்டாலும் தூணை விட்டு நகரமாட்டாள். இப்போது பெரிய பெண்ணாகிவிட்டாள். தாகம் எடுத்தால்கூட "குடிக்கட்டுமாம்மா" என்று கேட்டுவிட்டுத்தான் செம்பைத் தொடுகிறாள். லயத்தில் அவளுக்கு அடக்கமான பிள்ளை என்று பெயர். அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

அதனால் கொட்டகைக்குள் நுழைந்த முதல் நாளே கயிறு அத்தனையையும் அறுத்து அடுப்பில் போட்டேன். சாக்கடை ஓரமாக மூங்கில் பிளாச்சு வைத்து வேலி கட்டினேன். மண்ணெண்ணெய்ப் பெட்டிப் பலகையில் அவர்கள் உயரத்துக்கு மணை அடித்தேன். வாசல் உயரமாக இருந்ததால் வெளியே தாழ்வாக ஒரு படி வைத்தேன். சின்னப் பானை நிறையத் தண்ணீர், பக்கத்தில் சிரட்டைகள். வேண்டுகிறவன் மொண்டு குடிக்கட்டும். சோற்றைத் தட்டில் போட்டு முன்னால் வைத்தேன். உன் கை, உன் வாய், சாப்பிடு.

முதலில் கொட்டகை பட்ட பாடு சொல்லி மாளாது. சோறு தலையில், காதில், தொட்டிலில். காக்காய்களுக்குக் கொண்டாட்டம். நானும் நல்லவள் ஒன்றும் இல்லை, கத்தாத நாள் கிடையாது. ஆனால் ஊட்டிவிடமாட்டேன் என்றால் மாட்டேன்தான். கொஞ்ச நாளில் வாயைத் தேடி விரல் ஒழுங்காகப் போகத் தொடங்கியது. சாப்பிட்டதும் தட்டைக் கொண்டுவந்து கழுவுகிற வாளியில் போட்டார்கள். படுத்த பாயை ஆளுக்கொரு பக்கம் இழுத்துச் சுருட்டினார்கள். சுருட்டியது பாய் போலவே இருக்காது. இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன!

அப்படிப்பட்ட நாள் ஒன்றில்தான் அஞ்சலை தவழ்ந்து வந்து வாசற்படியில் வயிற்றை வைத்துத் தொங்கினாள். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. யோசித்தாள். ஓடிப்போய்த் தூக்கிவிட எந்தக் கழுதைக்கும் தெரியும். தூக்காமல் நிற்பதற்குத்தான் ஆயா வேண்டும். நான் நின்றேன். அவள் வழுக்கிக் கீழ்ப்படியில் பொத்தென்று உட்கார்ந்தாள், எழுந்தாள், தத்தித் தத்திக் கோழிக்கூண்டு வரைக்கும் போய்விட்டாள். எனக்கு ஒரே சந்தோஷம். கண்ணீரே வந்துவிட்டது.

சாயங்காலம் ராஜம்மாள் பிள்ளையை எடுக்க வந்ததும் சொல்லிவிட்டேன்.

"ராஜம்மா, ஒம் மக இன்னிக்கிப் படி தாண்டிட்டாடி! ஒருத்தரும் கை குடுக்கல. தானா எறங்கி, தானா நடந்து போனா!"

ராஜம்மாள் வாளியைக் கீழே வைத்தாள். "இன்னிக்கா?" என்றாள். "நான் பாக்கலியே."

அவளுக்கு அஞ்சலைக்கு முன்னால் பிறந்த இரண்டும் நடக்குமுன்னே காய்ச்சலில் போய்விட்டன. படி தாண்டிவிட்டால் இந்தப் பிள்ளை நிலைத்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தாள். பெம்பானில் குத்புதீன் ராவுத்தர் கடையில் வெல்லம் வாங்கி, எறும்பு ஏறாமல் உறியில் தொங்கவிட்டுக் காத்திருந்தாள். எனக்கும் அது தெரியும். தெரிந்துதான் சொன்னேன், அவள் குதிப்பாள் என்று நினைத்தேன்.

அவள் குதிக்கவில்லை, கத்தினாள். "ஏன் சொன்ன? சொல்லாம இருந்திருந்தா நாளைக்கி எங்க வாசல்ல தாண்டியிருப்பா. அதான் மொதன்னு நானும் நெனச்சிருப்பேன்ல?"

"பொய் சொல்லச் சொல்றியா?"

"பழைய ஆயா கட்டிப் போட்டுச்சு. எங்களுக்குள்ளது எங்களுக்கு இருந்துச்சு. எம் புள்ளையோட மொத அடிய எடுத்துக்க நீ யாருடி?"

நான் விடுவேனா? "நான் எதடி எடுத்தேன்? அவ காலு, அவ நடந்தா. ஒனக்குப் பாக்கக் குடுத்து வைக்கலன்னா அதுக்கு அவ காலக் கட்டிப் போடணுமா? போய் ஒன்ன மரத்துக்கு அனுப்புனவன்கிட்ட கேளு!"

அவள் பிள்ளையை வாரிக்கொண்டு போனாள். அன்றைக்கு அவள் வீட்டில் கொழுக்கட்டை அவியவில்லை. லயம் முழுக்கச் செய்தி பரவியது. பெரியநாயகி கயிற்றை அறுத்துப் போட்டுவிட்டுப் பிள்ளைகளின் பாக்கியத்தையெல்லாம் தானே பார்த்துத் தின்கிறாளாம். பிள்ளை பெற்றவர்கள் எல்லாரும் ஒன்றாகக் கங்காணி வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் சாமிக்கண்ணு புதுச் சணல் கயிறு ஒரு சுருணையோடு கொட்டகைக்கு வந்தார்.

"கட்டு" என்றார்.

"மாட்டேன்."

"யாருகிட்டப் பேசுற?"

"கங்காணியார்கிட்டத்தான். கட்டணும்னா நீங்களே வந்து கட்டுங்க. அவுக்கிற வேலய நான் பாத்துக்கிறேன்."

அவருக்கு மீசை துடித்தது. "இன்னொரு புள்ள இங்க படி தாண்டுச்சுன்னு எங் காதுல விழட்டும், நீ புல்வெட்டுக்குப் போற. அங்க குனிய முடியலன்னா கப்பல்தான். ஞாபகம் வச்சுக்க."

கப்பல் என்றால் எங்களுக்குத் தெரியும். ரப்பர் விலை விழுந்து ஆட்களை மந்தை மந்தையாக ஏற்றி ஊருக்கு அனுப்பிய வருஷங்கள் அப்போதுதான் ஓய்ந்திருந்தன. எனக்கு ஊரில் யாரும் கிடையாது. புருஷன் செத்து இந்த மண்ணில்தான் புதைந்தான். இந்த இடுப்பை வைத்துக்கொண்டு நாளெல்லாம் குனிந்து புல் வெட்ட முடியாது. பயமில்லை என்று சொன்னால் பச்சைப் பொய். ஆனால் கயிற்றைத் தொட என் கை போகவில்லை.

பிறகு நடந்தது ஒரு கூத்து. விடியுமுன் தாய்மார்கள் தாங்களே வந்து பிள்ளைகளைத் தூணில் கட்டிவிட்டுப் போனார்கள். கருப்பாயி கட்டும்போது என் முகத்தைப் பார்க்கமாட்டாள், "கோச்சுக்காதக்கா" என்று முனகுவாள். ராஜம்மாள் என்னைப் பார்த்துக்கொண்டேதான் முடிச்சுப் போடுவாள், முடிச்சின் மேல் இன்னொரு முடிச்சு. அவர்களுடைய விளக்கு வெளிச்சம் ரப்பர் மரங்களுக்குள் மறைந்ததும் நான் அவிழ்ப்பேன். சாயங்காலம் அவர்கள் வரும்போது பிள்ளைகள் கும்மாளம் போட்டுக்கொண்டிருப்பார்கள். பார்த்துவிட்டுத் தூக்கிக்கொண்டு போவார்கள். மறுநாள் மறுபடியும் கட்டுவார்கள். நானும் மறுபடியும் அவிழ்ப்பேன்.

கருப்பாயியின் மகன் தம்புசாமி நிற்கப் பழகியிருந்தான். ஒரு நாள் வெயில் ஏறிக்கொண்டிருக்கும்போது திரும்பிப் பார்த்தால், பயல் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். ஒரு கால் படியின் மேல். முகத்தில் அந்த யோசனை. அந்த யோசனை வந்துவிட்டால் பிள்ளை தாண்டிவிடும், நான் எத்தனை பார்த்திருக்கிறேன்.

தாண்டினால் நான் புல்வெட்டுக்கு. கட்டினால் இவனும் இன்னொரு பவளம். தாண்டவிட்டு மறைக்கலாம், கருப்பாயி நாளைக்குத் தன் வாசலில் பார்த்துச் சிரிப்பாள், அந்தச் சிரிப்பை நான் பொய் முகத்தோடு பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். மூன்றும் எனக்குப் பிடிக்கவில்லை. ராஜம்மாள் அன்றைக்குக் கத்தியதற்கு முன்னால் மெதுவாகச் சொன்னாளே, "நான் பாக்கலியே" என்று, அது என் காதிலேயே நின்றது. அவளுக்குக் கோபம் பிள்ளை தாண்டியதில் இல்லை. தன்னைத் தாண்டிப் போனதில்தான்.

எனக்குச் சுர்ரென்று உறைத்தது. தம்புவைத் தூக்கிக் கொண்டுபோய் எதிர்ச் சுவரோரம் விட்டேன். அவன் ஆத்திரத்தில் அலறினான். அவன் ஆத்திரம் நியாயம்தான். "இருடா, ஒங்க ஆத்தா வரட்டும், அப்பறம் தாண்டு" என்று சொல்லிவிட்டு வெளியே ஓடினேன்.

கொட்டகைக்கு எதிரேதான் பெரட்டுக் களம். அங்கே செம்படாக் மரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். கங்காணி தவிர வேறு யாரும் அதைத் தொடக்கூடாது. பொழுது விடியுமுன் ஆள் கூப்பிட அடிப்பார், வேறு நேரத்தில் அடித்தால் நெருப்பு, இல்லை சாவு. நான் அடிக்கிற இரும்புக் கம்பியை எடுத்து அடித்தேன். கை வலிக்க வலிக்க அடித்தேன்.

அந்த வாரம் பெண்கள் சீவியது கொட்டகைக்கு மேலே இருந்த மேட்டில். பால் வாளியும் கையுமாகச் சரிவில் விழுந்தடித்து இறங்கி வந்தார்கள். கருப்பாயி மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள். "எந்தப் புள்ள? யக்கா, எந்தப் புள்ள?"

"ஒரு புள்ளைக்கும் ஒன்னுமில்ல. ஒம் மவன் படி தாண்டப் போறான். பெத்தவ பாக்கணும்ல? அதான் கூப்புட்டேன்."

கருப்பாயி என்னை வெறித்துப் பார்த்தாள். பிறகு ஓங்கி என் தோளில் ஓர் அறை விட்டாள். "நாசமாப் போறவளே! எனக்கு உசுரே போச்சேடி!" என்று சொல்லி அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

சாமிக்கண்ணு பிரம்போடு வந்து சேர்ந்தார். விஷயம் தெரிந்ததும் அவர் பேசிய பேச்சை எழுத முடியாது. "மரத்துல கட்டுன மங்குல பால் ஒறைஞ்சு போகும்! தொரைக்கு எவ பதில் சொல்றது? போங்கடி மரத்துக்கு!"

தம்பு அதற்குள் திரும்பத் தவழ்ந்து வாசலுக்கு வந்துவிட்டான். நிலையைப் பிடித்து எழுந்தான். வெளியே இத்தனை முகங்களைப் பார்த்ததும் உள்ளேயே உட்கார்ந்து விரலைச் சூப்பத் தொடங்கினான்.

"பாத்தீங்களா? போங்க!" என்று கங்காணி பிரம்பை உயர்த்தினார்.

ராஜம்மாள் பால் வாளியை இறக்கி வைத்தாள். கொட்டகை வாசலுக்கு நேராகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"தாண்டட்டும் கங்காணியாரே" என்றாள். "பாத்துட்டுப் போறோம்."

ஒவ்வொருத்தியாக உட்கார்ந்தார்கள். கங்காணி கத்தினார், பிரம்பால் மரத்தை அடித்தார். உட்கார்ந்த பெண்களை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. ஒன்றரை வயதுப் பிள்ளையை எப்படி அவசரப்படுத்துவது என்றும் தெரியவில்லை. மேட்டில் பால் உறைந்துகொண்டிருந்தது.

கருப்பாயி கையை நீட்டினாள். "வாடா ராசா, ஆத்தாகிட்ட வா..."

"கைய எறக்கு" என்றேன். "கூப்புடாத. அவனுக்காத் தோணட்டும்."

தம்பு ஓர் எறும்பைப் பார்த்தான். அதைப் பிடிக்கப் போனான். அது படியின் மேல் ஏறியது, அவனும் ஏறினான். எறும்பை மறந்தான். ஒரு காலை வெளியே விட்டுத் துழாவினான், கீழ்ப்படி காலில் தட்டியது. வழுக்கி இறங்கி நின்றான். கருப்பாயி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். அவனோ அவளைத் தாண்டி, என்னைத் தாண்டி, நேராகக் கங்காணியின் பளபளக்கிற செருப்பைப் பார்க்கப் போய்விட்டான்.

அங்கே எழுந்த சிரிப்பும் அழுகையும் பெம்பான் வரைக்கும் கேட்டிருக்கும். ராஜம்மாளும் அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"எனக்குப் போனது போனதுதான்" என்றாள். "அத நான் மறக்க மாட்டேன்."

"மறக்காத" என்றேன். "நான் ஒன்னும் கேக்கல."

கங்காணி தம்புவைக் காலிலிருந்து விலக்கினார். "இன்னிக்கி எல்லாருக்கும் அரப்பேருதான், பாதிச் சம்பளம். பெரியநாயகி, நாளைக்கி நீ புல்வெட்டுல வந்து நில்லு. கொட்டாய்க்கு வேற ஆளு, கயித்தோட."

மறுநாள் விடியுமுன் மண்வெட்டியோடு புல்வெட்டு வரிசையில் போய் நின்றேன். பவளம் வீட்டில் படுத்தபடி "நான் எந்திரிக்கட்டுமாம்மா" என்று கேட்டது காதில் இருந்தது. கொட்டகையில் கங்காணியின் கொழுந்தியாள் விளக்கேற்றிக் கயிற்றோடு உட்கார்ந்திருந்தாள். மண்வெட்டியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றேன், கங்காணி முன்னால் அழுவேனா?

லயத்திலிருந்து பெண்கள் வந்தார்கள். கொட்டகைப் பக்கம் ஒருத்தியும் திரும்பவில்லை. இடுப்பில் பிள்ளைகளோடு நேராகப் பெரட்டுக் களத்துக்கு வந்து, பிள்ளைகளைத் தரையில் இறக்கிவிட்டு வரிசையில் நின்றார்கள். இறக்கிவிட்டால் அவை சும்மா இருக்குமா? ஒன்று வாளியைக் கவிழ்த்தது, ஒன்று பெயர்ப் பலகைக்கு அடியில் புகுந்தது, ஒன்று அரிக்கேன் விளக்கைத் தூக்கப் பார்த்தது.

"ராஜம்மா!" என்று கங்காணி பெயர் கூப்பிட்டார்.

"இருக்கேன்."

"புள்ளைய எதுக்கு இங்க கொண்டாந்த?"

"கட்டிப் போடுற எடத்துல விட மாட்டேன். மரத்துக்குத் தூக்கிட்டுப் போறேன்."

"பால் வாளியத் தூக்குவியா, புள்ளையத் தூக்குவியா?"

"புள்ளையத்தான்."

"கருப்பாயி!"

"நானும் புள்ளையத்தான் கங்காணியாரே."

அதற்குமேல் அவர் பெயர் கூப்பிடவில்லை. தூரத்தில் செம்மண் ரோட்டில் துரையின் மோட்டார் வெளிச்சம் தெரிந்தது. பெரட்டுக் களத்தில் பிள்ளைகள் ஓடுவதைத் துரை பார்த்தால் கங்காணியின் தலைப்பாகைக்கு ஆபத்து. என் பக்கம் ஓடிவந்தார்.

"பெரியநாயகி, கொட்டாய்க்குப் போ! எல்லாத்தையும் தூக்கிட்டுப் போ, சீக்கிரம்!"

"கயிறு?"

"கயிறும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்! அவள வீட்டுக்குப் போகச் சொல்றேன். தூக்கிட்டுப் போ தாயீ!"

நான் மண்வெட்டியைக் கீழே போட்டேன். "தூக்க மாட்டேன்" என்றேன். "அதுங்களுக்குக் கால் இருக்கு."

நான் முன்னால் நடந்தேன். அஞ்சலை வந்தாள், மற்றவை ஒவ்வொன்றாக வந்தன, தவழ்கிறதும் தவழ்ந்துகொண்டே வந்தது. கொட்டகைக்குப் போக ரோட்டைக் கடக்க வேண்டும். நடு ரோட்டில் தம்பு உட்கார்ந்துவிட்டான். மோட்டார் வந்து நின்றது, விளக்கு வெளிச்சம் அவன் முகத்தில் அடித்தது. துரை ஹாரன் அடித்தார். பயலுக்கு அந்தச் சத்தம் பிடித்துவிட்டது, கை தட்டினான். கங்காணி "தூக்கு, தூக்கு" என்று பல்லைக் கடித்தார். வரிசையில் நின்ற கருப்பாயி என்னைப் பார்த்தாள், நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன், அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். துரை மறுபடியும் ஹாரன் அடித்துவிட்டு, பிறகு விட்டுவிட்டார். பார்க்கிற மட்டும் பார்த்துவிட்டுத் தம்பு தானாக எழுந்தான். அவன் ரோட்டைக் கடந்து முடிக்கிற வரைக்கும் மோட்டார் நின்றது.